தையல்காரர் மனைவியின் அறை

பன்னிரண்டாம் பக்கத்தில் தட்டச்சு ஓசை நின்றது. நான் ஜன்னலோரம் அடுத்த அத்தியாயத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். பதினெட்டு வருடங்களாக நான் கையால் எழுதுவதை மனைவிதான் கணினியில் ஏற்றுகிறாள். பிழை திருத்துவாள்; அபிப்பிராயம் சொல்லமாட்டாள். ஒரே ஒருமுறை, "உங்க கதையில யாருமே சாப்பிட மாட்டேங்கிறாங்களே, பாவம்" என்றாள். அதற்குப்பின் எல்லோருக்கும் ஒருவேளைச் சாப்பாடாவது போட்டுவிடுகிறேன்.

இந்தக் கதையில் தையல்காரர் நன்றாக உருவாகி வந்துவிட்டார். அவர் மனைவிதான் பத்துப் பக்கம் கடந்தும் நிழலாகவே நின்றாள். மூன்று நாள் யோசித்து அவளுக்கு ஒரு ரகசியம் கண்டுபிடித்தேன். வியாழக்கிழமைதோறும் வேலை பார்க்கும் இடத்தில் அரைநாள் விடுப்பெடுத்து, நகரின் மறுகோடியில் தான் வாடகைக்கு எடுத்திருக்கும் மாடியறையில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாள். யாரும் வருவதில்லை. ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புவாள். ஏன் போகிறாள் என்பது எனக்கே பிடிபடவில்லை. எழுத எழுத வரும் என்று விட்டிருந்தேன்.

"யார் சொன்னது உங்களுக்கு?" என்றாள் மனைவி, திரும்பாமல்.

எதை என்று கேட்டேன். கையெழுத்து புரியவில்லையோ என்று எழுந்து போனேன்.

"வியாழக்கிழமை இல்ல, செவ்வாய். அறை மாடியில இல்ல, கீழ."

வழக்கமாகப் பிழை சொல்லும் அதே குரல். சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, கற்பனை என்றேன். சொன்னது எனக்கே பொய்போல் கேட்டது. எத்தனை வருடமாக என்றதற்கு, ஆறு என்றாள். ஆறு வருடத்துச் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அகப்படவில்லை. அந்த ஆறு வருடங்களில் நான்கு நாவல் எழுதியிருக்கிறேன். அவற்றில் வரும் அத்தனை பேரின் நடையும் இருமலும் எனக்கு மனப்பாடம். வீடு திரும்புவாள் என்ற வரியை அவள் திருத்தவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்க யாரு..."

"யாருமில்ல. அத சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

"பின்ன எதுக்குப் போற?"

பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடினார்கள்.

"அந்த இடத்த மட்டும் எழுதாம விட்டிருக்கீங்களே" என்றாள்.

என் தாள்களைக் கவிழ்த்து ஓரமாக வைத்தாள். விரல்கள் விசைகளின்மேல் சற்றுத் தயங்கின. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றேன். என் கையெழுத்தில் எங்கும் இல்லாத ஒரு வரி, எழுத்து எழுத்தாகத் திரையில் வரத் தொடங்கியது.