காலரைக் கடித்து அடித்த பந்து

தீனாவின் பந்து மட்டும் எப்படி நேராகப் போகிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. தீனா என் மனைவி மனோரமாவின் தம்பி. எனக்கும் அவனுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அதிகாரிகள் ஆடும் கோல்ஃப் திடலை இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கும் திறந்துவிட்டார்கள். பெங்களூரு போட்டிக்குப் போகும் குழுவில் ஓர் இடம்தான் பாக்கி. அதற்கு நானும் அவனும் மோத வேண்டும்.

நான் பார்க்காத வீடியோ இல்லை. இடுப்பைத் திருப்பு, முழங்கையை ஒட்டு, மணிக்கட்டை மடக்காதே. எல்லாம் செய்தேன். பந்து வேலியோர முள்ளுக்குள் போனது. அந்தப் பயல் சும்மா வந்து நிற்பான், சும்மா அடிப்பான். வீட்டுக்கு வந்தால் பெரிய மடவை மீன் துண்டும் அவன் தட்டுக்குத்தான்.

ஒரு நாள் வாசலில் துடைப்பத்தை வீசிப் பழகினேன். மீன் கழுவிக்கொண்டிருந்த மனோரமா சிரித்துவிட்டாள்.

"இன்னாய்யா, ஏரில வலையா வீசுற? தூக்கசொல்ல பல்லக் கடிக்கிற, அடிக்கசொல்ல வாயத் தொறந்து மேல பாக்குற."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துறைமுகத்துக்கு வருமுன் நான் வீச்சு வலைக்காரன். ஈயக்குண்டு கோத்த விளிம்பைப் பல்லில் கவ்வி, வீசும்போது விட்டுவிட்டு, வலை வட்டமாக விரிகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்தே பழகிய கழுத்து; பந்தை அடிக்கும்போதும் நிமிர்ந்து அடியைக் கெடுக்கிறது. தீனா வலையைத் தொட்டதேயில்லை, நேராக ஐ.டி.ஐ. போனவன். அதனால்தான் அந்தத் துரைக்குத் தலை அசையவில்லை. அதற்கும் எனக்கு எரிந்தது.

வீடியோக்களை அழித்தேன். இனி ஒரே வேலைதான். சட்டைக் காலரைப் பல்லில் கவ்வ வேண்டும், பந்து விழும்வரை விடக் கூடாது.

தேர்வன்று ஆளுக்கு ஒரே அடி, குழியில் நட்ட கொடிக்கு நெருங்கியவனுக்கு இடம். தீனா முதலில் அடித்தான். பந்து நேராகப் போய்க் கொடிக்குச் சற்று முன்னால் நின்றது. காலரைக் கவ்வி அடித்தேன். பந்து போன திசையைப் பார்க்காமல் புல்லையே பார்த்தேன்.

"மாமா! எம்பந்தத் தாண்டி கொடியாண்ட ஒக்காந்துக்கிச்சு!" என்று தீனாதான் கத்தினான்.

என் பெயரை அறிவித்தார்கள். தீனா ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அக்காக்கு போன் போட்டுட்டேன். இன்னிக்கு பெரிய துண்டு உனக்குத்தான்."

அவன் முகத்தில் பொறாமை இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. தோற்றவனுக்கு எப்படி இப்படிச் சிரிக்க வருகிறது? ஜெயித்த எனக்கு வரவில்லையே.

"இன்னா மாமா," என்றான் அவன். "பந்து வியுந்து எவ்ளோ நேரமாச்சு. இன்னும் காலரக் கடிச்சினு கீறியே?"