காயமில்லாத உதடு

நாஹித் வந்தபோது ரத்தீபா முலூகிய்யாக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு வயிற்றுக்கு இவ்வளவு கீரை எதற்கென்று அவளுக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே இரண்டு பேருக்கு ஆய்ந்துவிடுகிறது. புருஷன் ஷவ்கியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து போலீஸ்காரர்களைத் தவிர ஒருவரும் அந்தப் படியை மிதித்ததில்லை.

நாஹித் உட்காரவில்லை. "எங்கம்மாவ நீங்கதானே குளிப்பாட்டுனீங்க?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு உங்க கையப் பிடிச்சு முத்தம் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

ரத்தீபா கீரையைக் கீழே வைத்தாள்.

மன்ஸூரா நகரத்தில் அந்த நாலு தெருவுக்கும் கேஸ் சிலிண்டர் போட்டவன் ஷவ்கி. ஸ்பேனரால் சிலிண்டரை டங் டங்கென்று தட்டிக்கொண்டு வருவான். தனியாகக் கிடக்கும் கிழவிகள் அவனை அடுப்படிவரை விடுவார்கள், வாஷரை மாற்றித் தருவான், மருந்து வாங்கி வந்து கொடுப்பான். அவர்களில் ஏழு பேரை ஆறு வருடத்தில் தலையணையை வைத்து அமுக்கிக் கொன்றதாகக் கோர்ட்டில் சொன்னான். வயதானவர்கள் செத்துக் கிடந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்துவிட்டார்கள். எட்டாவது கிழவி கையில் கிடைத்த செம்பால் அவன் மண்டையில் போட்டுக் கத்தியதால்தான் மாட்டினான். செத்த பெண்ணின் உடம்பை, மய்யித்தை, பெண்தான் கழுவ வேண்டும். அந்தத் தெருக்களுக்கு ரத்தீபாதான். ஏழு பேரையும் அவள்தான் கழுவிக் கஃபன் துணியில் சுற்றினாள்.

"பேப்பர்ல போட்டிருக்கான்," என்றாள் நாஹித். "மொதல்ல செத்த தஃபீதா ஹாஜாவுக்கு உள்ளுதடு கிழிஞ்சுருந்துச்சாம். அதுக்கடுத்து செத்தவங்களுக்கு நகம் பிஞ்சுருந்துச்சாம். அவனே சொன்னானாம். எங்கம்மாவுக்கு என்னக்கா ஆச்சு? துடிச்சாளா? அத மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்."

மய்யித்தின் உடம்பில் எதைக் கண்டாலும் கழுவுகிறவள் வெளியே சொல்லக்கூடாது. மூடி மறைக்க வேண்டும். ரத்தீபாவின் மாமி தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்தபோது வாங்கிக்கொண்ட முதல் சத்தியம் அது. தஃபீதா ஹாஜாவின் உதட்டில் பல் பதிந்து கிழிந்திருந்ததை அவள் பார்த்தாள். கடைசி மூச்சின் வேதனை என்று நினைத்துக்கொண்டாள், மகள்களிடம் மூச்சு விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒரே ஒருவனிடம் சொன்னாள். புருஷன்தானே.

அதற்குமுன் பதினாறு வருடம் ஷவ்கி அவளிடம் பேசியதை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். சோறு, உப்பு, சட்டை, அவ்வளவுதான். பிள்ளை இல்லாத வீடு வேறு. அன்றைக்கு அவள் கைகழுவ நின்றபோது அவனாகவே கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றினான். "எப்படி இருந்தா? முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். அவள் சொல்லச் சொல்லக் கதை கேட்கும் குழந்தை மாதிரி வாய் பிளந்து கேட்டான். முட்டை பொரித்துக் கொடுத்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அடுத்த மய்யித்தில் உதடு கிழியவில்லை, நகம் பிய்ந்திருந்தது. அதையும் சொன்னாள். அதற்கடுத்ததில் நகம் சுத்தமாக இருந்தது, மணிக்கட்டில்தான் லேசாகக் கன்றியிருந்தது. அதையும் சொன்னாள். கழுவப் போகும் நாளில்தான் அவளுக்குப் புருஷன் கிடைத்தான். இன்னும் யாராவது செத்தால் நன்றாயிருக்கும் என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அந்த நினைப்பை இன்றைக்குவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நாஹித்தின் அம்மா ஐந்தாவது. அன்று கூப்பிட ஆள் வருவதற்கு முன்னாலேயே, "பையை எடுத்து வச்சுக்கோ," என்றான் ஷவ்கி. அவளும் மய்யித்தைக் கழுவும் தண்ணீரில் கலக்கும் கற்பூரத்தை எடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

"உங்கம்மா உடம்புல ஒரு கீறல்கூட இல்லம்மா," என்றாள் ரத்தீபா. "தூங்குற மாதிரி இருந்தாங்க."

அது உண்மைதான். நாஹித் அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். கீரைச்சாறு படிந்த ரத்தீபாவின் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "போதும்க்கா. இது போதும் எனக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா, மொத ரெண்டு பேரையும் அப்படிச் சித்திரவதை பண்ணவன், எங்கம்மாவ மட்டும் எப்படிக்கா ஒரு கீறல் இல்லாம..."

"பழகிட்டான்."

"எந்த நாய் பழக்குச்சு அவன?"

வயிற்றெரிச்சலில் கேட்டதுதான் அது. பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் ரத்தீபாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். கன்னத்தில் வைத்திருந்த கையை மெல்ல இறக்கி, அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள். எழுந்தாள். படியிறங்கும்போது கன்னத்தை முக்காட்டு நுனியால் தேய்த்துக்கொண்டே போனாள்.

ரத்தீபா தொட்டியடிக்குப் போனாள். விரலெல்லாம் பச்சை. நிறைந்த கூஜா பக்கத்துத் திட்டிலேயே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் சேர்த்துத் தொட்டிக்கு மேலே நீட்டியபடி, யாராவது ஊற்றட்டும் என்பதுபோல நின்றுகொண்டிருந்தாள்.