உள்ளே ஆள் உண்டு

எனக்கு வேலை கொடுத்த கடிதத்தில் வேலை நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே முதலாளியின் கோழிக் கிறுக்கலில் ஒரு வரி: "தேவைப்பட்டால் கூடுதலாக." ஒரே வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது, அந்தக் கடையில் அச்சடித்த வரிக்கு எந்த மரியாதையும் கிடையாது என்று.

மளிகைக் கடைதான், ஆனால் பெரியது. பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் வைக்க ஒரு குளிர் அறை, காய்கறிக்குத் தனிப் பகுதி, நான்கு பில் கவுண்டர். பன்னிரண்டு வருஷம் வேறொரு கடையில் பில் போட்டுத் தேய்ந்த எனக்கு, சட்டையில் "மேனேஜர்" என்று எழுதிய பேட்ஜ் குத்திக்கொண்டபோது கண்ணாடியை விட்டு நகர மனசு வரவில்லை. மூன்று மாதம் தற்காலிகம். அதில் முதலாளிக்குத் திருப்தி என்றால் நிரந்தர ஆர்டர். இல்லையென்றால் மறுபடியும் பழைய கடை, பழைய ஸ்டூல், பழைய முதுகுவலி.

முதலாளி வாரத்தில் ஒரு நாள்தான் கடைக்கு வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பதினாறு கேமராவில் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிஷம் நான் கண்ணில் படாவிட்டால் கடை போன் அடிக்கும். கழிப்பறைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால், "எவ்ளோ நேரமா?" என்று கேட்கிற மனுஷன். மேனேஜர் என்றால் அவர் அகராதியில் கண்ணில் படுகிற ஆள், அவ்வளவுதான்.

அவர் பார்வை எட்டாத ஒரே இடம் குளிர் அறை. உள்ளே கேமராவும் இல்லை, போனுக்கு டவரும் இல்லை. வெளியே கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பில் "உள்ளே ஆள் உண்டு", மறுபக்கம் பச்சையில் "ஆள் இல்லை". அந்தப் பலகை கேமராவில் நன்றாகத் தெரியும். கதவும் அதை ஒட்டிய பின்வாசலும் தெரியாது, நடுவில் அட்டைப்பெட்டி அடுக்கு மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த அடுக்கு எட்டு வருஷமாக அங்கிருந்து ஏன் அசையவில்லை என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் கல்லாக்கா.

கல்லாக்கா முதல் கவுண்டரில் உட்காருபவள். கடை திறந்த நாளிலிருந்து அந்தக் கல்லாவை விட்டு எழுந்ததில்லை, அதனால் அந்தப் பெயர். "பழைய மேனேஜர் மத்தியானம் வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வருவாரு மேடம்," என்றாள். "பலகையைச் சிவப்புக்குத் திருப்பணும், கொக்கியில மாட்டியிருக்கற குளிர் கோட்டை எடுத்து ஒளிச்சு வைக்கணும், பின்வாசல் வழியா நடையைக் கட்டணும். அவரு போன் பண்ணா, குளிர் ரூம்ல இருக்காருன்னு நாங்க சொல்லிடுவோம். எட்டு வருஷத்துல ஒரு தடவ கூட மாட்டல."

எனக்குக் கோபம் வந்தது. அந்த மாதிரி ஆள் நான் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். ஒரு மாதம் அந்த வீம்பு தாங்கியது. பிறகு, என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா வீடு மாறிப் போய்விட்டாள். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகளுக்கு ஆறு வயசு. மூன்று இருபதுக்குப் பள்ளி விடுகிறது, நான்கு மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள். முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டுப் பார்த்தேன். "குடும்பக் கஷ்டம் எல்லாருக்கும் இருக்கு. அதுக்குக் கடை என்ன பண்ணும்?" என்றார்.

முதல் நாள் பலகையைத் திருப்பிவிட்டு நாலு தடவை கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. அதன் பிறகு தினமும் மூன்று பத்துக்குப் பின்வாசலால் போய், மகளைக் கூட்டிக்கொண்டு டியூஷன் வீட்டில் விட்டுவிட்டு, நான்கு மணிக்குள் திரும்பிவிடுவேன். கோட்டைக் கல்லாக்கா தன் கவுண்டருக்குக் கீழே காலி பிஸ்கட் பெட்டியில் ஒளித்து வைப்பாள். இரண்டு மாதம் ஓடிப்போனது.

அந்த வியாழக்கிழமை மணி மூன்று ஐந்து. மறுநாள் முதலாளி ஆர்டரோடு வருகிறார். வழக்கம்போல் கோட்டைக் கல்லாக்காவிடம் கொடுத்தாயிற்று, பலகையைத் திருப்பியாயிற்று. கிளம்பும்முன் குளிர் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். காலையில் வந்த புதுப் பால் முன்னால், நேற்றைய பால் பின்னால். பழைய சரக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நாளைக்கு அவர் கண்ணில் இது பட்டால் தொலைந்தேன். இரண்டு நிமிஷ வேலை என்று உள்ளே போனேன்.

அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க ஒரு இரும்புக் கம்பி இருந்தது, அதை அமுக்கினால் திறக்கும். நான் சேர்ந்த முதல் வாரமே அது உடைந்துபோனது. ரிப்பேர் நோட்டில் எழுதினேன். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் முதலாளி. அதனால் யார் உள்ளே போனாலும் தயிர் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவோம். போன வாரம் வந்தபோது முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார், குளிரெல்லாம் வெளியே போகிறதாம். அன்றிலிருந்து கிரேட்டுக்குத் தடை. ஒரு அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தோம்.

நான்காவது பால் கிரேட்டைத் தூக்கும்போது அட்டை நழுவியது. கதவு மூடிய சத்தம் பெரிதாகக்கூட இல்லை.

தட்டினேன். கத்தினேன். அரையடி கனக் கதவு, தலைக்கு மேல் மின்விசிறிகளின் இரைச்சல். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாலு மூலைக்கும் நடந்தேன், ஒரு கோடு கூட வரவில்லை. சுவரில் இருந்த வெப்பமானி மூன்று டிகிரி காட்டியது. என் உடம்பில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை. கோட்டைத் தேடிக் கை தன்னால் முதுகுப் பக்கம் போனது. அது பிஸ்கட் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

யாராவது தேடுவார்கள் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அடுத்த நிமிஷம் பலகை நினைவுக்கு வந்தது. யாரும் தேட மாட்டார்கள். பலகை சிவப்பில் இருந்தால் மேனேஜர் உள்ளே இல்லை என்று அர்த்தம் என்பது கடையில் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து இந்தக் கதவை யாராவது திறப்பதென்றால் ஆறு மணிக்குக் காய்கறியை உள்ளே வைக்க வரும்போதுதான். மூன்று மணி நேரம். நான் தாங்குவேனா என்பது அப்புறம். ஒரு பிள்ளை கேட்டில் தாங்குமா? "அம்மா வராம யார் கூடவும் போகக் கூடாது" என்று தினமும் சொல்லி அனுப்புகிறவள் நான். அவள் நிற்பாள். கேட்டைப் பூட்டினாலும் அங்கேயே நிற்பாள். அந்த நினைப்பில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கெட்ட வார்த்தையும் வந்தது. முதலாளியை, பழைய மேனேஜரை, கடைசியில் என்னையே வாய் வலிக்கத் திட்டினேன்.

நின்றால் விறைத்துவிடும் என்று பயந்து பால் கிரேட்டுகளைத் தூக்கி அடுக்க ஆரம்பித்தேன். பாலாடைக்கட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து முதுகுக்கும் நெஞ்சுக்கும் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பழையது முன்னால், புதியது பின்னால். இரண்டு மாதமாக நான் செய்வதாகப் பொய் சொன்ன வேலையை அன்று ஒரு கிரேட் விடாமல் செய்தேன்.

அதே நேரத்தில் வெளியே நடந்ததைக் கல்லாக்கா பிற்பாடு எனக்கு நடித்தே காட்டினாள்.

மூன்றரைக்கு முதலாளி வந்து நின்றிருக்கிறார், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு நாள் முன்னதாக. கையில் ஃபைல். "மேனேஜர் எங்கே?"

"குளிர் ரூம்ல சார். ஸ்டாக் பாக்கறாங்க."

"கூப்பிடுங்க."

"எண்ணிட்டு இருக்காங்க சார். நடுவுல கூப்பிட்டா விட்டுப்போகும், திரும்ப முதல்லேர்ந்து எண்ணணும்."

"அப்ப நானே போய்ப் பாத்துக்கறேன்" என்று அவர் நடந்ததும், காய்கறிப் பகுதிக்காரருக்கு, தராசு என்று நாங்கள் கூப்பிடும் அந்த மனுஷனுக்கு, மூளை வேலை செய்திருக்கிறது. தரை துடைக்க வைத்திருந்த ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் குளிர் அறைக்குப் போகும் வழியில் கவிழ்த்துவிட்டார். "சார் சார், கால வைக்காதீங்க, வழுக்கும். இப்பத்தான் கழுவ ஆரம்பிச்சேன். ஒரு அரை மணி நேரம் உக்காருங்க."

முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தராசு தரையைத் துடைக்கிறார், துடைக்கிறார், துடைத்துக்கொண்டே இருக்கிறார். கல்லாக்கா மனசுக்குள் என் வருகைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள். என் வேலையைக் காப்பாற்ற இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துப் பாடுபட்டிருக்கிறார்கள். நான் அடைபட்டிருந்த கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டு.

நான்கு மணி தாண்டி இரண்டு நிமிஷம். கடை போன் அடித்தது. கல்லாக்கா கை நீட்டுவதற்குள் முதலாளியே எடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். "மேனேஜரம்மா இருக்காங்களா? பாப்பா இன்னும் இங்கயே நிக்கறா. அம்மா போனுக்கு அடிச்சா போக மாட்டேங்குது. தினமும் மூணரைக்கு டாண்ணு வந்துடுவாங்களே, அதான்."

"தினமுமா?" என்றார் முதலாளி. ரிசீவரைக் கீழே வைக்காமல் கல்லாக்காவைத் திரும்பிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்ததாம். "பள்ளிக்கூடத்துலேர்ந்து. உங்க மேடம் இன்னைக்கு இன்னும் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வரலையாம். அப்ப குளிர் ரூம்ல இருக்கறது யாரு?"

கல்லாக்காவுக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான்: வரலையாம். அங்கேயும் இல்லை என்றால்? எழுந்து ஓடினாள். சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, எழுந்து மறுபடி ஓடினாள்.

கதவு திறந்தபோது நான் ஒரு கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க நினைத்தேன், கால் கேட்கவில்லை. கல்லாக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பாவி நான், பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தராசு ஓடிப்போய்க் கோட்டை எடுத்து வந்து போர்த்தினார். அவர்களுக்குப் பின்னால் ஃபைலோடு முதலாளி நின்றிருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். சட்டைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பார்த்தார். கதவின் உட்பக்கத்தில் உடைந்த கம்பியின் மொட்டைப் பகுதியைப் பார்த்தார்.

"தினமும் மூணரைக்கு ஸ்கூல்ல இருந்தீங்களா?"

"ஆமா சார்." பல் கிடுகிடுத்தது. "ரெண்டு மாசமா."

"எனக்குப் பலகையைக் காட்டிட்டு?"

"ஆமா சார். இன்னைக்கு மட்டும்தான் நிஜமா உள்ள இருந்தேன்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூன்று மாதமாக அந்த வாய் திறந்தால் நான் கையைக் கட்டி நின்றிருக்கிறேன். அன்று நிற்க முடியவில்லை. ஒரு மணி நேரக் குளிரில் மற்ற பயமெல்லாம் செத்துப்போய் ஒரே ஒரு பயம் மிச்சமிருந்தது. "மீதியை வந்து கேக்கறேன் சார். என் பொண்ணு கேட்ல நிக்கறா."

கல்லாவில் ரிசீவர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். இருபது நிமிஷத்தில் வருகிறேன், பாப்பாவை உள்ளே உட்கார வையுங்கள் என்று சொன்னேன். பிறகு பதினாறு கேமராவும் பார்க்க, முன்வாசல் வழியாக நடந்து போனேன்.

என் மகள் வாட்ச்மேனின் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கோபமாக இருந்தாள். "எல்லாரும் போயிட்டாங்க" என்றாள். நான் கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பிறகு தானே திரும்பப் பிடித்து, இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். "ஏம்மா இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?" எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துபோனது. அந்த வாட்ச்மேன் முன்னால் நின்று அழுதேன்.

தெருமுனை தாண்டுவதற்குள் போன் அடித்தது. முதலாளி.

"ரிப்பேர் நோட்டைப் பாத்தேன். அந்தக் கம்பியைப் பத்தி மூணு தடவ எழுதியிருக்கீங்க."

"நாலு தடவ சார்."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "நாளைக்கு ஆள் வர்றான். மூணரைக்கு வரச் சொல்லியிருக்கேன். பக்கத்துல நின்னு பாத்துக்கங்க."

ஆர்டர் இன்னும் அவர் ஃபைலில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியும். மகளின் கை என் கைக்குள் சூடாக இருந்தது.

"மூணரைக்கு நான் கடையில இருக்க மாட்டேன் சார்."

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பில்தான் இருந்தார்.

"ரெண்டு மணிக்கு வரச் சொல்றேன்" என்றார் கடைசியில்.

"சரி சார். இப்ப எங்க இருக்கீங்க?"

"குளிர் ரூம் வாசல்லதான். ஏன்?"

"பலகை எப்படி இருக்கு?"

"உள்ளே ஆள் உண்டுன்னு இருக்கு."

"திருப்பிப் போட்டுடுங்க சார்," என்றேன். "நான் வெளியிலதான் இருக்கேன்."