காத்து உடு

கறுப்பாக இருந்தால் கண்ணுக்கு நல்லதாம். யாருடைய கண்ணுக்கு? என் கண்ணைக் கேட்டார்களா?

திங்கட்கிழமை காலை முழுவதும் கணினி முன்னால் சுகிர்தாவின் மனதுக்குள் ஓடிய பேச்சு இது. வாரக் கடைசியில் அவள் மூடிவிட்டுப் போனபோது திரை வெள்ளையாக இருந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். காலையில் திறந்தபோது யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனது போல் இருந்தது. கறுப்பில் ஊதாவும் பச்சையும் மஞ்சளுமாக எழுத்துகள் மினுங்கின. சற்று உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால் முளைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். வால் போகவில்லை.

"எப்டி இருக்கு மேடம்?" என்றபடி ராபின் பின்னால் வந்து நின்றான்.

கும்மிடிப்பூண்டி ஆலையிலிருந்து புதிதாக வந்திருந்த பொறியாளன் அவன். காக்களூர் எஸ்டேட்டில் இருந்த இந்தச் சின்னத் தொழிற்சாலையைக் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி வாங்கியதிலிருந்து, அங்கே இருப்பதெல்லாம் இங்கேயும் வர வேண்டும் என்று ஆகியிருந்தது.

"பழைய நோட்பேட் இனிமே வாணாம் மேடம். புரோகிராம் எழுத இது புது எடிட்டர். அங்க எல்லார் ஸ்கிரீனும் இப்டித்தான். கண்ணுக்கு நல்லது."

"வால் தெரியுது ராபின்."

"இன்னா வால்?"

"எழுத்துக்கு."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "ரெண்டு நாள்ல பழகிடும் மேடம்."

பழகிடும். கல்யாணமாகி செவ்வாப்பேட்டைக்கு வந்தபோது அந்த வீட்டின் தண்ணீருக்கு இதைத்தான் சொன்னார்கள். காலை ரயிலின் நெரிசலுக்கு, முதல் முதலாளியின் வாய்க்கு, எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் இதையே சொன்னார்கள். பழக வேண்டியவள் எப்போதும் அவளாகவே இருந்தாள். தண்ணீரோ ரயிலோ முதலாளியோ அவளுக்குப் பழகிக்கொண்டதாக நினைவில்லை.

சுகிர்தாவின் வேலை மெஷினுக்குப் புரோகிராம் எழுதுவது. எங்கே துளை விழ வேண்டும், எவ்வளவு ஆழம், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் வரிவரியாக அவள் கையிலிருந்து போக வேண்டும். நடுநடுவே அடைப்புக்குறிக்குள் மனிதர்களுக்காக ஒரு குறிப்பு வைப்பாள். மெஷின் அதைப் பொருட்படுத்தாது. ஆனால் அந்த இடம் வந்து நிற்கும்போது தன் சின்னத் திரையில் அதைக் காட்டும். ஆங்கில எழுத்து மட்டுமே ஏறும் என்பதால் அவள் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். ஜாப திருப்பு. அளவு பாரு. காத்து உடு.

காத்து உடு என்றால், காற்றடிக்கும் ஏர் கன்னை எடுத்து, ஜாப், அதாவது துளை போட வேண்டிய அலுமினியத் துண்டு, உட்காரும் இடத்தில் ஒட்டியிருக்கும் சுருளை ஊதித் தள்ளு என்று அர்த்தம். ஊதாமல் விட்டால் ஜாப் மயிரிழை சாய்ந்து உட்காரும், அடுத்து இறங்கும் டிரில் முறியும். முன்பிருந்த கோயம்புத்தூர்ப் பொறியாளர் ஆங்கில எழுத்தைப் பார்த்து அதை 'கத்து உடு' என்று படித்துவிட்டு, "யாருங்க கத்தோணும்?" என்று நிஜமாகவே கேட்டார். மெஷின் ஓட்டும் ஏஞ்சலுக்கு அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தக் குறிப்பு வந்ததும் ஏஞ்சல் முதலில் "ஹோய்!" என்று ஒரு கத்து கத்துவாள், அப்புறம்தான் காற்றை விடுவாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் சுகிர்தாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால் அந்த ஜாப் ஒழுங்காகப் போகிறது என்று பொருள்.

புது எடிட்டரில் இந்தக் குறிப்புகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. மெஷின் படிக்கும் வரிகள் பளபளத்தன, மனிதர் படிக்கும் வரிகள் அணைந்த அடுப்பு மாதிரி கிடந்தன. போதாததற்கு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்பு நெளிகோடு. அவள் எழுதிய தமிழ் எதுவும் அதன் அகராதியில் இல்லை. அதன் கணக்கில் அவை எல்லாமே பிழை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், வயசாயிடுச்சு, கத்துக்க முடியல என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவை அவர்கள் கையில் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கற்றுக்கொண்டாள். மணவாள நகர்க் கண்ணாடிக்கடையில் லென்ஸை மாற்றிக்கொண்டு வந்து கற்றுக்கொண்டாள். ஒரே அழுத்தலில் நாற்பது வரிகளில் ஓர் எண்ணை மாற்ற முடிந்தது. தப்பான இடத்தில் புள்ளி வைத்தால் உடனே காட்டிக்கொடுத்தது. ராபினுக்கே தெரியாத குறுக்குவழி ஒன்றை அவனுக்குக் காட்டினாள். அவன், "செம மேடம்" என்றான். எடிட்டர் அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனதுதான் எரிச்சலாகவும் இருந்தது. அதன் நிறங்களோடு மட்டும் மனம் ஒட்டவில்லை. யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து, எது பளிச்சென்று தெரிய வேண்டும், எது மங்க வேண்டும் என்று அவளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டிருந்தார்.

அந்த முடிவு தன் கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரியவில்லை. சாம்பல் வரிகளைக் கண் தாண்டிப் போகப் பழகியிருந்தது.

ஒரு நாள் பிற்பகல், அவள் எழுதி ராபின் சுருக்கி அனுப்பிய புரோகிராம் ஒன்று அவளிடம் திரும்பி வந்தது. எண்களைச் சரிபார்த்தாள். எல்லாம் பளிச்சென்று சரியாக இருந்தன. மெஷினுக்கு அனுப்பினாள். முதல் ஜாப் ஓடும் சத்தம் கேட்டது. மெஷின் நின்றது. அடுத்து "ஹோய்" வர வேண்டும். வரவில்லை. ஏதோ குறைகிறதே என்று அவள் தலையை நிமிர்த்துவதற்குள் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. படீரென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தபோது டிரில் முறிந்து, ஜாப் எகிறி, மெஷின் கதவின் கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. ஏஞ்சல் அதன் முன்னால் கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கதவு மட்டும் திறந்திருந்தால் அவளுடைய முகம் அந்த இடத்தில்தான் இருந்திருக்கும்.

"இன்னாக்கா இது? மெஷினு ஊமை மாரி நிக்குது. ஒண்ணுமே எழுதல. அளவு பாக்கத்தான் நிறுத்திக்கினு இருக்குன்னு அளவ பாத்துட்டு பட்டன தட்டுனேன்."

மேனேஜர் ஜெயராஜ் வந்தார். "இத்தினி வருசமா ஓட்ற. காத்து அடிக்கணும்னு உனக்கு வெத்தல பாக்கு வெச்சு சொல்லணுமா?"

"தெனம் ஒரு ஜாப் மாத்தி குடுக்குறீங்க சார். ஒண்ணொண்ணும் ஒவ்வொரு காரணத்துக்கு நிக்குது. அக்கா எழுதுனா படிப்பேன். எழுதலன்னா மெஷினு மனசுல இன்னா இருக்குன்னு நான் ஜோசியமா பாக்குறது?"

"வாயி மட்டும் இருக்கு. நாளைக்கு கும்மிடிப்பூண்டிலேர்ந்து விசாரிக்க வராங்க. அவங்க சொல்ற வரிக்கும் பேக்கிங்ல நில்லு. அவங்க வாணாம்னா காண்ட்ராக்ட்டு அதோட முடிஞ்சுது."

சுகிர்தா அறைக்குத் திரும்பி புரோகிராமைத் திறந்து பார்த்தாள். நிற்கச் சொல்லும் வரி இருந்தது. எதற்கு நிற்க வேண்டும் என்று சொல்லும் வரி இல்லை.

"நாந்தான் எடுத்தேன்" என்றான் ராபின், வாசலில் நின்றபடி. முகம் வெளுத்திருந்தது. "செவப்பு கோடு போட்டு இருந்திச்சு. எதோ தப்பா அடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். சாம்பலா இருக்கறது மெஷினுக்கு வாணாம்தானே மேடம்."

மெஷினுக்கு வேண்டாம்தான். அவனைத் திட்ட வாய் வந்தது. ஆனால் அந்தப் புரோகிராம் அவள் கண்ணையும் கடந்துதான் போயிருந்தது. தான் எழுதிய வரி இல்லை என்பதை அவளே பார்க்கவில்லை. ஏஞ்சலின் முகத்துக்கும் எகிறிய ஜாபுக்கும் நடுவே இருந்தது ஒரு மூடிய கதவு மட்டுமே. இரண்டு வார்த்தை. அதைப் பிழை என்று ஒரு கோடு சொல்லிற்று, தேவையில்லை என்று ஒரு நிறம் சொல்லிற்று, அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

மறுநாள் ஒரு ரயில் முன்னதாகவே வந்துவிட்டாள். புத்தூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வேலைக்கு வரும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஏதோ கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம் என்பதே மனதில் நிற்கவில்லை. உட்கார்ந்து எடிட்டரின் அமைப்புகளைத் திறந்தாள். இந்த எடிட்டர் இங்கேயே இருக்கட்டும், அதைத் துரத்தப்போவதில்லை. என் வீட்டுக்கு வந்திருக்கிறாய், உன் சாமானை எங்கே வைப்பது என்று நான் சொல்கிறேன்.

முதலில் கறுப்பை எடுத்து வெள்ளை போட்டாள். எழுத்துகளின் வால் உதிர்ந்தது. பிறகு குறிப்புகளின் நிறம். சாம்பலை நீக்கிவிட்டு, ஆலைக்குள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு ஜாக்கெட்டின் ஆரஞ்சை வைத்தாள். வேண்டுமென்றே தடித்த எழுத்து. அப்புறம் ஒவ்வொரு சிவப்பு நெளிகோட்டின் மேலும் போய் 'அகராதியில் சேர்' என்பதை அழுத்தினாள். காத்து. உடு. திருப்பு. பாரு. ஒவ்வொன்றாக நெளிகோடுகள் அணைந்தன. யாரிடமும் கேட்காமல் செய்த காரியம் என்பதில் ஒரு குறும்பான நிறைவு இருந்தது. ராபின் சுருக்கிய எல்லாப் புரோகிராமிலும் விடுபட்ட வரிகளைத் திரும்ப எழுதி மெஷின்களுக்கு அனுப்பினாள்.

ராபின் வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா மேடம் இது? ஆரஞ்சு!"

"படிக்க முடியுதா?"

"கேட்லேர்ந்தே படிக்கலாம்."

"அதுக்குத்தான்."

அவன் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா" என்றான்.

இத்தனை நாள் மேடம். இன்று அக்கா. ஏதோ கேட்கப்போகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அவங்க இப்ப வந்துடுவாங்கக்கா. ஒரே ஒரு ஒதவி. கலர மறுபடி கறுப்புக்கே மாத்திடுங்க. காத்து உடு வரி மொதல்லேர்ந்தே இருந்திச்சு, ஏஞ்சல்தான் பாக்காம தட்டிடுச்சுன்னு சொல்லிடுங்க. சாம்பல்ல இருந்தா அவங்களுக்கும் அது சாதாரணமா தெரியும், யாரும் நோண்ட மாட்டாங்க. இப்டி ஆரஞ்சுல எரிஞ்சா ஏன் மாத்துனீங்கன்னு தோண்டுவாங்க. நான் இன்னும் பர்மனென்ட் ஆகலக்கா. எங்க ஊட்ல என்னை நம்பித்தான் இருக்காங்க."

"ஏஞ்சல் ஊட்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு பேக்கிங்ல எதாச்சும் குடுப்பாங்க. பேஜாராத்தான் இருக்கும். ஆனா... பழகிடும்."

அவள் அவனைப் பார்த்தாள். பொல்லாதவன் இல்லை. அவனுக்குள்ளும் யாரோ நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். அதில் சில மனிதர்கள் பளிச்சென்று தெரிகிறார்கள், சிலர் மங்கிக் கிடக்கிறார்கள். நேற்று வரை தன் கண்ணிலும் அதே பூச்சுதான் இருந்தது என்ற எண்ணம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தின் அடியில் ஒரு பிடிவாதம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வெளியே, ஏஞ்சலின் மெஷினை இன்று கலியன் ஓட்டிக்கொண்டிருந்தான். மெஷின் நின்றது. அவன் குனிந்து சின்னத் திரையைப் படித்தான். ஏர் கன்னைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து, பேக்கிங் மூலையில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து, "ஹோய்!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவன் செய்ய மறந்ததை ஏஞ்சல் அங்கிருந்தே செய்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். காற்று சீறியது.

கேட்டில் கார் ஹாரன் அடித்தது. ராபின் எழுந்து மௌஸை நோக்கிக் கையை நீட்டினான். "நானே மாத்திடட்டாக்கா? ஒரு செகண்டு."

சுகிர்தா மௌஸின் மேல் தன் கையை வைத்தாள். அழுத்தவில்லை, நகர்த்தவில்லை. சும்மா வைத்திருந்தாள்.

"நீ எடுத்தது தெரியாம எடுத்தது. அத அப்டியே சொல்லுவேன். நானும் பாக்காம அனுப்புனேன், அதையும் சொல்லுவேன்" என்றாள். அவனிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ப்ளீஸ். கலர மட்டுமாச்சும்..."

"இல்ல ராபின்" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "இது இப்டியேதான் இருக்கும்."