ஸே எவ்வளவு வேணும்?

“ஆன்ட்டி, ஸே எவ்வளவு வேணும்?” என்று கடைக்காரப் பெண் மெஹ்ரீன் கேட்டாள்.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு,” என்றாள் கமலாட்சி. “பிரஷருக்கு.”

பர்மாவில், லான்மடா பேட்டையின் மின்சிகரெட் கடை அது. கமலாட்சியைச் சொல்லியும் குற்றமில்லை. பர்மிய மொழியில் மருந்துக்கும் புகையிலைக்கும் ஸே என்று ஒரே பேர்தான். மெஹ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரவத்தில் இருக்கிற நிக்கோட்டினைத்தான் கேட்டேன் என்றாள்.

கமலாட்சிக்கு ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருடமாகச் சுருட்டு, நாளைக்கு எட்டு. வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அவள் புருஷன் பிரேம்நாத், ஊருக்கு வெளியே த்வாண்டேயில் தன் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் தரைவீடு பார்த்துவிட்டார். நூலும் பொத்தானும் விற்கும் தன் கடையை விட்டுவிட்டு, அங்கே போய் நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. தீபாவளிக்குள் ஒரு மாடியிலும் நிற்காமல் ஏறிக் காட்டினால் போகாமல் இருக்கலாமா என்று கேட்டாள். சரி என்றார். யோசிக்காமல் சரி என்றாரே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கண்ணாடிக்குள் இருந்த பெரிய வெள்ளி நிறச் சாதனத்தின் மேல்தான் அவள் கண் போனது. அது மேகம் மாதிரிப் புகை விட்டு விளையாடுகிறவர்களுக்கு என்று மெஹ்ரீன் அதை ஒதுக்கினாள். சுருட்டிலிருந்து முதன்முதலாக மாறுகிறவர்களுக்குச் சின்னதாக, பொத்தானே இல்லாமல், இழுத்தால் வேலை செய்வதுதான் சரி. இழுக்கும்போது சுருட்டு மாதிரியே கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். எழுந்ததும் முதல் சுருட்டு எப்போது என்று விசாரித்தாள். பல் தேய்க்கும் முன்னால் என்றதும், அப்படியானால் ரொம்ப லேசானது தாங்காது, சுருட்டுக்கே திரும்பிவிடுவீர்கள் என்றாள். மாம்பழ வாசனையைக் காட்டியபோது கமலாட்சி முகத்தைச் சுளித்தாள். புகையிலை வாசனையே முடிவானது.

சுருட்டை இழுக்கிற வேகத்தில் இழுத்துப் பார்த்துக் கண்ணில் நீர் வர இருமினாள். இன்னொரு கை, தீப்பொறி இடுப்பில் கட்டிய லோஞ்சியில் விழாதபடி தானாக அடியில் ஏந்தி நின்றது.

“இதுல பொறி விழாது ஆன்ட்டி. மெதுவா இழுங்க.”

முதல் வாரம் நரகம். வாடிக்கைக்காரர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். ஆனாலும் சுருட்டைத் தொடவில்லை. நான்காவது வாரம் வாயில் சோற்றின் ருசி தெரிந்தது. ஐந்தாவது வாரம் நான்காவது மாடிவரை ஏறி, அதற்கு மேல் முடியாமல் நின்றாள். அங்கேயே அழுதாள். மறுநாள் மறுபடி ஏறினாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை, கடையைப் பூட்டிவிட்டு வந்து படியில் கால் வைத்தாள். மூன்று போனது. நான்கு போனது. ஐந்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். போடி போ என்று தன்னையே வைதுகொண்டு ஏறினாள். மேலே பிரேம்நாத், அவள் காலடி எங்கே நிற்கிறது என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்து நின்றிருந்தார். அது நிற்கவேயில்லை.

“எங்கயும் உக்காரலயா?” என்றார்.

“வழிய விடுங்க.”

உள்ளே, த்வாண்டேக்குப் போகச் சாமான் கட்டிவைத்த பெட்டி ஒன்று கயிறு போட்டுத் தயாராக இருந்தது. கமலாட்சி கயிற்றை அவிழ்த்தாள். மடித்து வைத்திருந்த அவருடைய லோஞ்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, பால்கனிக் கொடியில் போட ஆரம்பித்தாள். தெருவுக்கே தெரியும்படி.