நீலத் தேங்காய் மிட்டாய்

வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் யோசிப்பது ராமையாவின் பழக்கம். அந்த வருஷம், வெள்ளைக்கார ராஜ்யத்தைக் கொண்டாடும் எம்பயர் டே அன்று மலாயாவின் ஈப்போ திடலில் கூடப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் செய்ய முடியுமா என்று யாழ்ப்பாணத்துக்காரரான கார்த்திகேசு மாஸ்டர் அவனுடைய மிட்டாய்க் கடைக்கு வந்து கேட்டார். முடியும் என்றான். வெள்ளைக்காரன் கொடியின் மூன்று நிறத்திலும் வேண்டும், சிவப்பு, வெள்ளை, நீலம் என்றார். "அதுக்கென்ன மாஸ்டர், செஞ்சிருவோம்லா" என்றான். மாஸ்டர் சைக்கிளில் ஏறித் தெரு திரும்பிய பிறகு அவனுடைய அக்கா காளியம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"நீலத்துக்கு எங்கடா போவ?"

அவன் சீனன் கடைக்குப் போனான். சிவப்புப் பொடி இருந்தது. நீலம் என்று கேட்டதற்கு அந்தச் சீனன், வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலக்கட்டியை எடுத்து நீட்டினான்.

"நல்லதாப் போச்சு," என்றாள் காளியம்மா. "புள்ளைங்க வயித்துக்குள்ள வெளுத்துப் போயிரும். நீல நெறத்துல தின்பண்டம் யாருடா தின்பா? வெசத்தக் குடிச்ச செவபெருமானே அத முழுங்காம கழுத்துல நிறுத்திக்கிட்டாரு."

புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்துக் காய்ச்சலில் போன பிறகு, ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் வீட்டு முன்பக்கத்திலேயே மிட்டாய்க் கடை போட்டுத் தம்பியை வளர்த்தவள் காளியம்மா. அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. ஒரே ஒரு விஷயத்தில்தான் ராமையா இரண்டு வருஷமாக முரண்டு பிடித்துக்கொண்டிருந்தான். அந்த விஷயத்தின் பெயர் செல்லாயி.

ஈப்போவுக்கு ஆறு கல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்துக்குச் சம்பள நாளில் மிட்டாய் விற்கப் போனபோதுதான் அவளைப் பார்த்தான். எல்லாரும் வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் போனார்கள். அவள் மட்டும் ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பாகு முத்திப்போச்சு. பல்லு விழுந்தா நீங்க கட்டித் தருவீங்களா?"

அடுத்த மாதம் இளம்பாகில் செய்து கொண்டுபோனான். "இது கைல ஒட்டுது," என்றாள். மூன்றாவது மாதம் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்று எடுத்துக்கொண்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே அவன் முடிவு செய்துவிட்டான்.

காளியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "தோட்டத்துப் புள்ளைக்குப் பால் மரம் சீவத் தெரியும். அடுப்புகிட்ட நிக்கத் தெரியுமா?" என்பாள். தைப்பிங்கில் பலகாரக் கடைக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். அந்த வீட்டுக்கு வைகாசியில் பதில் சொல்வதாகக் காளியம்மா சொல்லி வைத்திருந்தாள்.

நீலத்துக்கு வழியில்லை என்று ராமையா போய் நின்றபோது செல்லாயி சிரித்தாள்.

"கம்பத்துல, அந்த மலாய்க்காரங்க ஊருல, சோத்துக்கே நீலம் போடுறாங்க. வேலியெல்லாம் சங்குப்பூ. ஒங்க அக்காகிட்ட சொல்லுங்க, நீலம் நான் போடுறேன்."

அவன் அதையும் அப்படியே வந்து சொன்னான். காளியம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போடட்டும். போட்டா அவளையே கட்டிக்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். போடலன்னா தைப்பிங்கு. அப்புறம் மூச்சு விடக்கூடாது."

ராமையா தலையாட்டினான். இந்த முறையும் அப்புறம்தான் யோசித்தான்.

எம்பயர் டேக்கு முதல் நாள் காலை செல்லாயி தன் அப்பா பிச்சைமுத்துவோடு புந்தோங் வந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு கூடை நிறைய சங்குப்பூ. கம்பத்துப் பெண்கள் மூன்று நாளாகப் பறித்துக் கொடுத்தது. பிச்சைமுத்துவை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவர் அதைக் கவனிக்காதவர் போலக் கொல்லையில் தேங்காய்க் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே உரிக்கத் தொடங்கினார். செல்லாயி அதைக் கவனித்தாள்.

சிவப்பும் வெள்ளையும் காளியம்மா கையில் மதியத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. தேங்காயின் பழுப்புத் தோல் படாமல் ராமையா துருவித் துருவி விரல் நுனியெல்லாம் கீறியிருந்தது. வெள்ளை மிட்டாய் அத்தனை வெள்ளையாக வந்திருந்தது. அடுப்பில் பெரிய குவாலிச் சட்டியைக் கழுவி வைத்தார்கள். அடுத்தது நீலம்.

செல்லாயி பூவின் பச்சைக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். இதழை மட்டும் கொதிநீரில் போட்டு, கசக்கி, துணியில் பிழிந்தாள். மைக்கூட்டு மை மாதிரித் தண்ணீர் இறங்கியது. வெறும் தண்ணீருக்குப் பதிலாக அதையே சீனியில் ஊற்றிப் பாகு ஏற்றினாள்.

"இவ்வளவு கருப்பா இருக்கே," என்றான் ராமையா.

"தேங்காப்பூ விழுந்தா வெளுக்கும். டின் பால் ஊத்துனா இன்னும் வெளுக்கும். அதுக்குத்தான் இப்பவே கெட்டியா எடுக்கிறேன். நீங்க துருவுங்க."

பாகு கொதித்தது. மேலே அழுக்கு நுரை கட்டியது. விறகைத் தள்ளிவிட அவள் குனிந்த நேரம், காளியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வருஷமாக எந்தப் பாகு கொதித்தாலும் அந்தக் கை செய்வதைத்தான் அன்றும் செய்தது. அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து, விதை விழாமல் விரலை மறித்து, நறுக்கென்று பிழிந்தது. அழுக்குப் பிரிய அவள் அம்மா பிழிவாள், அவளும் பிழிவாள்.

நுரை ஒதுங்கியது. அதோடு நீலமும் போய்விட்டது. குவாலி முழுக்க ஊதாவாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கார்த்திகேசு மாஸ்டர் தலைப்பாகையைச் சரிசெய்தபடி உள்ளே வந்து, ஆறிக்கொண்டிருந்த இரண்டு தட்டையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் குவாலியை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன இது, கத்தரிக்காய் நிறத்திலை?"

"அது வந்து, மாஸ்டர்..." என்று ராமையா எழுந்தான்.

"கொடியிலை கத்தரிக்காய் நிறம் இல்லைக் காணும்! நாளைக்குத் துரை பார்த்தால் என்னையல்லோ கேட்பார். மூன்று நிறமும் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

காளியம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "நான் அப்பவே சொன்னேன், மாஸ்டர். வேலியில படர்ற பூவ நம்பி அடுப்பு மூட்டுறதா? தோட்டத்துப் புள்ள கெடுத்துட்டா."

கொல்லைப்பக்கம் தேங்காய் உரிக்கும் சத்தம் நின்றது.

செல்லாயி முதலில் குவாலியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பாகு முத்தினால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, பூவுல குத்தமில்ல. நீங்க பழம் பிழியிற வரைக்கும் நீலமாத்தான் இருந்துச்சு."

"என்னடி சொன்ன? பழம் பிழியாம பாகு காய்ச்சுவியா நீ? எனக்குச் சொல்லித் தாரியா?"

"சொல்லித் தரல. நடந்தத சொன்னேன். மத்தப் பாகுக்கெல்லாம் பழம் சரிதான். இது பூத்தண்ணி. புளிப்பு பட்டதும் மாறிருச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" ராமையா காலிக் கூடையைத் தூக்கிக் காட்டினான். "செல்லாயி, பூவும் தீந்துபோச்சு."

"பூ வேணாம்." அவள் குவாலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதில் சித்தப்பா கல்யாணத்தில் செய்த குறும்பு நினைவுக்கு வந்திருந்தது. ஆரத்தித் தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டாள். சிவப்பெல்லாம் பழையபடி மஞ்சளாகி, பெண்கள் அபசகுனம் என்று அலறினார்கள். முதுகில் நாலு விழுந்தது. பிறகு யாரோ இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து விட்டதும் அதே தட்டு மறுபடியும் சிவந்துவிட்டது. அடி வாங்கிய முதுகைத் தடவிக்கொண்டே அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஆரத்தியில பழம் பட்டா செவப்புப் போயிருமா இல்லையா?" என்றாள். "சுண்ணாம்பு விட்டா திரும்பி வரும். பழம் கெடுத்தத சுண்ணாம்பு திருப்பும். அப்பா! ஒங்க வெத்தலப் பையக் குடுங்க."

பிச்சைமுத்து கொல்லை வாசல்படி வரை வந்து பையை நீட்டினார். அதிலிருந்த சின்னத் தகர டப்பாவைத் திறந்து, விரல்நுனிச் சுண்ணாம்பை ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்தாள். கொட்டாங்கச்சியில் ஒரு கரண்டி ஊதாப் பாகை எடுத்து, கலங்கல் தண்ணீரை அப்படியே கொஞ்சம் விட்டுக் கலக்கினாள். எல்லாரும் குனிந்தார்கள்.

பச்சை.

"ஐயோ!" என்றார் மாஸ்டர். "இதுக்குக் கத்தரிக்காயே தேவலை."

செல்லாயி சிரித்துவிட்டாள். "மாஸ்டர், பயப்படாதீங்க. ஊதாவத் தாண்டிப் போயிருச்சு பாத்தீங்களா? அப்ப நடுவுல நீலம் இருக்கு. அளவுதான் கூடிப்போச்சு."

அவள் அவசரப்படவில்லை. கிண்ணத்தை அசைக்காமல் வைத்தாள். வெள்ளை அடியில் தங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. புதிதாக ஒரு கரண்டிப் பாகு எடுத்து, தெளிவை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஏழாவது சொட்டில் ஊதா கலைந்தது. ஒன்பதாவதில் கொட்டாங்கச்சியில் நீலம் நின்றது. காலையில் துணியில் பிழிந்தபோது வந்த அதே நீலம்.

ராமையா வாயைத் திறந்தான்.

"பேசாதீங்க," என்றாள். "எண்ணிக்கை விட்டுப்போயிரும்."

குவாலிக்குள் ஒவ்வொரு கரண்டியாகத் தெளிவை விட்டு, ஒவ்வொன்றுக்கும் கலக்கி, பார்த்து, மறுபடி விட்டாள். கடைசிக் கரண்டியைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். குவாலியை அடுப்பில் ஏற்றி, தேங்காய்ப்பூவைக் கொட்டி, டின் பாலைக் குறைத்து ஊற்றிக் கிண்டினாள். கலவை கெட்டிப்பட்டு நிறம் இளகியது. சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்ததும் நெய் தடவிய தட்டில் கொட்டினாள். காளியம்மா வாழையிலையை எடுத்து வந்து மேலே வைத்துச் சமமாக அழுத்தினாள். அந்த வேலையில் இரண்டு பேர் கையும் ஒரே தட்டில் இருந்தன.

சூடு ஆறுவதற்குள் கத்தியால் கோடு போட்டார்கள். ஓரத்தில் உடைந்த ஒரு துண்டை மாஸ்டர் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"புளிப்பும் இல்லை, சுண்ணாம்பும் தெரியேல்லை. காளியம்மா, உங்கட கைராசியே தனி!"

காளியம்மா கத்தியைக் கீழே வைத்தாள். சும்மா இருந்திருக்கலாம். மாஸ்டர் நல்ல மனதோடு சொன்னதுதான். ஊருக்குள்ளும் பேச்சு அப்படியே போயிருக்கும்.

"இதுல என் கை கெடுத்த கை, மாஸ்டர். நான்தான் பழத்தப் பிழிஞ்சேன். பழி இவ மேல போட்டதும் நான்தான். நீலம் இவ போட்டது. ரெண்டு தடவ போட்டா."

மாஸ்டர் இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, விடிந்ததும் பிள்ளைகளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். காளியம்மா செல்லாயியைப் பார்க்காமல் வாசல்படியைப் பார்த்துப் பேசினாள்.

"பெரியவரே, உள்ள வாங்க. ஏன் அங்கேயே நிக்கிறீங்க? சொன்ன சொல்லு சொன்னதுதான். வெள்ளிக்கெழம நாலு பெரியவங்களக் கூட்டிக்கிட்டு இங்க வந்துருங்க. பேசி முடிச்சிருவோம்."

பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துர்றோம் தாயி, வந்துர்றோம்" என்று கையைக் கூப்பினார். ராமையா மனசுக்குள் இல்லாத சைக்கிள் ஒன்றில் ஏறிப் பறந்துகொண்டிருந்தான்.

"அப்பா வரமாட்டாரு," என்றாள் செல்லாயி.

ராமையா தரையில் இறங்கினான்.

அவள் கையில் ஒட்டிய நெய்யைத் துணியில் நிதானமாகத் துடைத்தாள். "பொண்ணு கேட்டு வாரது மாப்பிள்ள வீட்டு மொறை. எங்கப்பா காலையிலேர்ந்து கொல்லையில ஒக்காந்திருந்தாரு, அது இன்னைக்கு வேலைக்கு வந்தது, பரவால்ல. பொண்ணு குடுக்கிறவரா அவரு இங்க வந்து நிக்க வேணாம். தட்டு எடுத்துக்கிட்டு நீங்க தோட்டத்துக்கு வாங்கக்கா. லயத்து வீட்டுலதான் இருக்கோம். ஒக்காரப் பாய் இருக்கு, சோறு இருக்கு."

"செல்லாயி..." என்று பிச்சைமுத்து மெல்ல இழுத்தார்.

காளியம்மா முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"வாயப் பாத்தியாடா? இதத்தான் ரெண்டு வருசமா வேணும் வேணும்னியா?"

"ஆமாக்கா," என்றான் ராமையா. இந்த ஒரு பதிலுக்கு அவன் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

காளியம்மா காகிதக் கட்டை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்று நிறத்திலும் ஒவ்வொன்று வைத்து மடித்தாள். இரண்டு பொட்டலம் முடிந்தது. மூன்றாவதை மடிக்கும்போது கேட்டாள்.

"தோட்டத்துல பால் எடுத்து முடிய மணி என்ன ஆகும்?"

"பன்னெண்டு ஆயிரும்."

"அப்ப வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு வாரேன். பஸ்ஸு தோட்டத்து வாசல் வரைக்கும் வருமா, நடக்கணுமா?"

"கொஞ்சம் நடக்கணும்," என்றாள் செல்லாயி, எதிரில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை எடுத்தபடி. "நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."