கடைசி ஊசி மேடம்

எனக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது வாசலில் டோக்கன் கொடுக்கும் அட்டெண்டராகத்தான் இருக்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் பெயர் வைப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. எக்ஸ்ரே எடுப்பவர் 'இருட்டு'. கணக்கு பார்க்கும் பெண் 'சில்லறை'. நான் 'கடைசி ஊசி மேடம்'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். ஆனால் எங்கள் கால்நடை மருத்துவமனையில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது வெறும் பிளைவுட் தட்டி. காது உள்ளவர்களுக்கு எதுவும் தப்பாது.

பெயரில் பொய் இல்லை. இனிமேல் பிழைக்காது, வலியோடு இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று கொண்டுவரப்படும் நாய், பூனை எல்லாவற்றையும் பெரிய டாக்டர் என் அறைக்குத்தான் தள்ளிவிடுவார். ஏன் சார் எல்லாம் எனக்கே என்று கேட்டால், "உனக்குக் கைராசி இருக்கும்மா. முதல் குத்துலயே நரம்பு கிடைச்சுடுது. வாயில்லா ஜீவனுக்கும் நோவு இல்ல, வந்தவங்களுக்கும் மனசு ஆறுது" என்பார். குட்டிகளுக்குத் தடுப்பூசி, பூச்சி மருந்து, காது சுத்தம் எல்லாம் அவர் அறையில். அங்கே எப்போதும் சிரிப்புச் சத்தம். என் அறையில் மேசை மேல் டிஷ்யூ பெட்டி. அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று 'சில்லறை' வேறு என்னிடம் குறைபட்டுக்கொள்வாள்.

கைராசியாம். யார் கேட்டார்கள் இந்த ராசியை?

மதிப்பெண் குறைந்துபோய் இந்தப் படிப்பில் வந்து விழுந்தவள் இல்லை நான். விரும்பிச் சேர்ந்தேன். "ஏன், மனுஷ டாக்டருக்கு சீட் கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்ட சித்தப்பாவிடம், "மனுஷங்க ரொம்பப் பொய் சொல்வாங்க சித்தப்பா" என்று வாயடித்தவள். கன்றுக்குட்டி பிறந்து, தடுமாறி எழுந்து நிற்பதை முதன்முதலாகப் பார்த்த அன்று விடுதிக்குப் போய்க் குளிக்கக்கூட மனம் வரவில்லை. அப்படிப் பைத்தியமாகப் படித்த படிப்பு. இப்போது காலையில் செருப்பை மாட்டும்போதே கால் கனக்கிறது.

போன வாரம் என் மகளின் பள்ளியில் அம்மா அப்பாவின் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் தன் அம்மா பல் டாக்டர் என்றாளாம். இன்னொருத்தி தன் அப்பா பாலம் கட்டுகிறார் என்றாளாம். என் மகள் எழுந்து நின்று, "எங்கம்மா நாய்க்கெல்லாம் கடைசி ஊசி போடுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் எனக்கு போன் பண்ணி, குழந்தையிடம் இதையெல்லாமா பேசுவீர்கள் என்று மரியாதையாகக் கடிந்துகொண்டார். நான் எங்கே பேசினேன்? வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு போட்டுக்கொள்ளவே தெம்பு இருப்பதில்லை. அவள் பாட்டுக்குப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு அவர்தான் சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க என்னைக் கண்டபடி திட்டுவாங்க. ஆனா கதவு திறந்ததும் சிரிச்சுட்டுப் போவாங்க. உங்கிட்ட வர்ற ஒருத்தர்கூட சிரிச்சுட்டுப் போறதில்லையே. பேசாம விட்டுடேன்."

"விட்டுட்டு?"

"கொஞ்ச நாள் சும்மா இரு. சும்மா இருந்தா என்ன, குடியா முழுகிடும்?"

முழுகாது. ஆனால் இந்த வேலையை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. அதனால் ஒரு முடிவோடு போனேன். கடைசி ஊசியை என் தலையிலிருந்து இறக்குங்கள், இல்லையென்றால் நான் இந்தத் தொழிலையே தலைமுழுகிவிடுகிறேன். பெரிய டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். கோபமாகச் சொல்ல நினைத்திருந்தேன். குரலில் களைப்புதான் வந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிம்மா. இன்னைலேருந்து குட்டிங்களை நீ பாரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமா? முன்பே கேட்டிருக்கலாமே என்று என்னை நானே நொந்துகொண்டேன். அவர் முகம் வாடியிருந்ததைப் பார்த்தேன். சொகுசு பறிபோகிறதே என்ற வாட்டம், வாடட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் வந்தது ஒரு தையல்காரம்மா. கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே வந்திருந்தார். வெட்டுத்துணி போடும் பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பழுப்பு நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள். வந்ததும் வராததுமாக மேசையை நனைத்தது.

"ஐயையோ, மன்னிச்சுக்கங்க மேடம். வீட்டுல இப்படியெல்லாம் பண்ணாது."

"வீட்டுல இதைவிட மோசமாத்தான் பண்ணும். எனக்குத் தெரியாதா?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் அறையில் ஒருவர் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

குட்டியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். சின்ன இதயம் படபடவென்று ஓடியது. இந்தச் சத்தத்துக்குத்தானே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பல்லைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், தேவைக்கு மேலேயே கொஞ்சினேன். பிறகு தடுப்பூசி மருந்தை சிரிஞ்சில் எடுத்தேன்.

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் முனகியது.

யார் என்று எனக்குத் தெரியும். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் நாய், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அவருடைய பூனைக்குக் கடைசி ஊசி போட்டதும் நான்தான். இன்று அவர் வந்ததும் அட்டெண்டர் அவரைப் பெரிய டாக்டரின் அறைக்கு அனுப்பியிருந்தார். மறுபடியும் முனகல். அப்புறம் ஒரு சின்ன அலறல். "கொஞ்சம் பிடிச்சுக்கங்க... இதோ கிடைச்சுடும்" என்று பெரிய டாக்டரின் குரல். மறுபடி அலறல்.

"டாக்டர், அந்த மேடம் இல்லையா? அவங்களைக் கூப்பிடுங்களேன்" என்று பெரியவர் கெஞ்சினார்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாக நின்றேன். போனால் அவ்வளவுதான், நாளையிலிருந்து பழைய குருடி கதவைத் திறடி கதைதான் என்று மனசு சொன்னது. தையல்காரம்மா என் முகத்தையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். நாய் இன்னொரு தரம் அலறியது. நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று வெளியே வந்தேன்.

நாயின் முன்னங்கால்கள் இரண்டிலும் முடி மழித்த இடம் வீங்கிப்போயிருந்தது. பெரிய டாக்டரின் நெற்றியெல்லாம் வேர்வை. ஊசி பிடித்த கை நடுங்கியது. பதற்றத்தில் வரும் நடுக்கம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. இது பழைய நடுக்கம், உடம்போடு குடிவந்துவிட்ட நடுக்கம். என்னைப் பார்த்ததும் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

நோகாத வேலையை வைத்துக்கொண்டு நோகும் வேலையை என் தலையில் கட்டுகிறார் என்று மனதுக்குள் அவரை எவ்வளவு வைதிருப்பேன்! அவ்வளவு கோபமும் போக்கிடம் இல்லாமல் அப்படியே நின்றது.

பின்னங்காலில் நரம்பு தேடினேன். கிடைத்தது. நாய் பெரியவரின் கையில் தலையை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, அடங்கிவிட்டது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "போயிடுச்சுங்க ஐயா" என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ராசியான கைம்மா இது" என்று அழுதார். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கைகழுவும் இடத்தில் பெரிய டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

"ரொம்ப நாளாம்மா. தோலுக்கடியில போடுற ஊசின்னா சமாளிச்சுடுவேன். நரம்புன்னா கை கேக்க மாட்டேங்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா வீட்டுல உக்காருன்னுவாங்க. எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

எனக்கும் வேறு என்ன தெரியும்? சோப்பை இரண்டு முறை போட்டுக் கழுவிக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன்.

மேசை மேல் குட்டி இல்லை. பைக்குள் போய்விட்டிருந்தது. தையல்காரம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். தட்டிக்கு அந்தப் பக்கம் நடந்தது அத்தனையும் கேட்டிருக்கும்.

"போட்டுடலாம்மா. மேல வைங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்." அவர் என் கையையே பார்த்தார். "இதுக்கு இது மொத ஊசி. இப்பத்தான் அங்க அந்தக் கையால... பெரிய டாக்டரே போட்டுடட்டுமே."

சுள்ளென்று வந்தது. கழுவின கைதானே, இது படித்த கை, இதில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது. பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குட்டியின் கழுத்துத் தோலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, நடுங்கும் கையின் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டார். குட்டிக்குத் தெரியவே இல்லை. நான் மூலையில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

எல்லாம் முடிந்து கிளம்பிய தையல்காரம்மா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். நான் தனியாக மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், நாயெல்லாம் பத்து பன்னெண்டு வருஷம்தான் இருக்குமாமே?"

"நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும்."

"பாத்துக்குவேன்." கொஞ்சம் தயங்கினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா கடைசியில இதுக்கு அப்படி ஒண்ணு வந்தா... நீங்க இங்கதான இருப்பீங்க? வேற யார் கையிலயும் நான் குடுக்க மாட்டேன்."

கேட்கும்போதும் பையை என் பக்கமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடித்திருந்தார். உள்ளே குட்டி எதையோ கடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இருப்பேன்மா" என்றேன்.